ஆசிஃபிகேஷன் சென்டர்: 'மையம்' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கருவின் எலும்புகளைக் காட்டும் பழைய செப்புத்தகட்டு ஓவியங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ஆசிஃபிகேஷன் சென்டர்' வந்ததும் மாட்டிக்கொண்டேன். எலும்பு முதன்முதலில் உருவாகத் தொடங்கும் இடத்துக்கு அந்தப் பெயர். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசியதில் இதுவரை இங்கே வந்த சொற்கள்: எலும்பு மாற்ற மையம், எலும்பாக்க மையம், என்புமுளை (என்பு என்றால் எலும்பு).

'மாற்ற'த்தை முதலில் கழித்துவிடலாம். குருத்தெலும்புதான் எலும்பாக மாறுகிறது என்ற எண்ணத்தில் பிறந்த சொல் அது. மண்டையின் மேலோட்டு எலும்புகள் அப்படி வருவதில்லை, சவ்விலேயே நேராக உருவாகின்றன. லண்டனில் ராபர்ட் நெஸ்பிட் என்ற மருத்துவர் 1736-லேயே இதை எழுதிவிட்டார்.

'மையம்' உறுத்துவது வேறு காரணத்தால். லெய்டனில் உடற்கூற்றியலாளர் ஆல்பினுஸ் 1737-இல் வெளியிட்ட கரு எலும்புப் படங்களைப் பாருங்கள். வரைந்தவர் யான் வாண்டெலார். மண்டையின் பக்க எலும்பில் ஓரிடத்திலிருந்து கதிர்கதிராகக் கோடுகள் கிளம்பி ஓடும், விளிம்பு இன்னும் முடியாமல் சீப்புப்பல் மாதிரி நிற்கும். மையம் என்றால் வட்டம் முதலில் வேண்டும், அப்புறம்தான் அதற்கு நடு. இங்கே புள்ளிதான் முதலில், எலும்பு பிறகு. போதாக்குறைக்கு ஒரே முள்ளெலும்புக்குப் பெரும்பாலும் மூன்று! மூன்று மையம் உள்ள ஒரு பொருளை எப்படி எழுதுவது?

என்புமுளை அழகுதான். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் கருவுக்கே 'முளையம்' என்று பெயர். முளையத்தின் என்புமுளை என்று எழுதினால் வாசிப்பவர் திணறிப்போவார்.

என் முன்மொழிவு: என்புக்கண். ஊற்றுக்கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காயிலும் முளை வருவது கண்ணிலிருந்துதான். இதற்கு நீங்கள் எழுப்பிய இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

> சல்லடைக்கண், வலைக்கண் எல்லாம் ஓட்டைதானே? எலும்பில் உள்ள துளை என்று நினைக்கமாட்டார்களா?

நியாயமான கேள்வி. நரம்பும் இரத்தக்குழாயும் நுழையும் வழிக்குத் 'துளை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடலாம். முதல்முறை வரும்போது மட்டும் 'என்பு ஊற்றுக்கண்' என்று விரித்து எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

> ஏன் 'எலும்புக்கண்' என்றே வைக்கக்கூடாது? 'என்பு' தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியும்?

இலங்கையில் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும், வள்ளுவரும் ஆண்ட சொல். தவிர, 'எலும்புக்கண்' என்றால் எனக்கு நல்லி எலும்பின் ஓட்டைதான் நினைவுக்கு வருகிறது. அப்புறம் உங்கள் முதல் கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்த்தேன்:

'காறை எலும்பில் கருவின் ஐந்தாறு வாரத்திலேயே என்புக்கண் தோன்றிவிடும்.'

'தொடையெலும்பின் கீழ்முனை என்புக்கண் பிறப்புக்குச் சற்று முன்பே தெரியும். சிசு நிறைமாதமா என்று மதிப்பிட அது உதவும்.'

எனக்கு இடிக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் உடற்கூற்றியலாளர் கெர்க்ரிங் 1670-இல் மாதவாரியாக விவரித்த கரு எலும்புகளுக்கும் இதையே வைத்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஒன்றுதான் பாக்கி. நீண்ட எலும்பின் தண்டுப்பகுதியில் முதலில் வருவதையும் முனைகளில் பிறகு வருவதையும் பிரித்துச் சொல்லவேண்டும். முதற்கண் சரி. 'பின்கண்' என்றால் முதுகில் கண் முளைத்த மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றுகிறதா?