காரல் பிடிப்பு: இறங்குதளக் கணக்கும் மீனவர் பேச்சும் ஏன் ஒத்துப்போவதில்லை?

வாடைக்காத்து கேட்டது:
ராமேசுவரம், மண்டபம் கரை காரல் மீன் பிடிப்பு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். மீன் கரையிறங்கும் இடத்தில் எடுக்கும் இறங்குதளப் புள்ளிவிவரம் ஒன்று சொல்கிறது, கரையில் மீனவர் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. "அறிவியல் அறிவைச் சமூகக் காரணிகள் வடிவமைக்கின்றன" என்று எழுதினேன். "எந்தக் கட்டத்தில், எப்படி? ஒரு இடத்தையாவது விரல் வைத்துக் காட்டு" என்று வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே விரல் வைப்பது?

கச்சான் பதில்:
முதலில் நாட்காட்டியில் வையுங்கள். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. இரு தரப்பு மோதலைத் தீர்க்க வந்த ஏற்பாடு இது. மீனின் இயல்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் விசைப்படகு மறுநாள் காலை திரும்புவதால், அதன் காரல் இறங்குவதும் அடுத்து வரும் அந்த மூன்று காலைகளில்தான். ஆக, ஒரு பஞ்சாயத்து உங்கள் வரைபடத்தின் ஏற்ற இறக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது மாதிரி எடுக்கும் முறை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் முறைப்படி, பல சிறு ஊர்கள் சேர்ந்த மண்டலத்தில் மாதத்தை மூன்று பத்து நாளாகப் பிரிப்பார்கள். முதல் ஐந்து நாளில் ஒன்றைக் குலுக்கல் போட்டு எடுத்து, அதிலிருந்து ஆறு நாளை இரண்டிரண்டாக மூன்று கொத்தாக்கி, கொத்துக்கு ஒரு இறங்குதளம் பார்ப்பார்கள். முதல் நாள் பகல் 12 முதல் மாலை 6 வரை, மறுநாள் காலை 6 முதல் 12 வரை. நடுவில் வரும் இரவை மறுநாள் விசாரித்துத்தான் எழுத வேண்டும். 15 படகு வரை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். 50க்கு மேல் போனால் ஐந்தில் ஒன்று.

முறையில் குறை சொல்ல மாட்டேன், நல்ல முறை. ஆனால் அந்த "விசாரித்து" யாரிடம்? படகு உரிமையாளரிடமா, ஏலக்காரரிடமா, வலை உதறிக்கொண்டிருக்கும் ஆளிடமா? மூன்று பேர் வாயிலும் மூன்று எண் வரும். அதோடு, ஏலம் நடக்கிற பக்கமாகவே நின்றால் இறாலும் கணவாயும் கண்ணில் படும். கோழித்தீவனத்துக்குப் போகும் சங்காயம், அதாவது விலை போகாத கழிவு மீன், படாது. குட்டிக் காரல் பெரும்பாலும் அதில்தானே கிடக்கிறது!

பாசிக்கரை பதில்:
படகையே அலகாக வைத்த கணக்கில், படகில்லாமல் கடலில் இறங்குகிறவர்கள் எங்கே வருவார்கள்? பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிடுங்குகிறார்கள். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் மாதம் 12 நாள்தான் என்று தங்களுக்குள் கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். பாசி எங்கே எவ்வளவு சீக்கிரம் மறுபடி தழைக்கிறது என்று அவர்களுக்கு அத்துப்படி. வியாபாரியின் எடைச்சீட்டிலோ அது வெறும் காய்ந்த கிலோ. ஈரப்பதமும் மண்ணும் கழித்த எடையா, கழிக்காததா என்று கேட்காமல் அதிலிருந்து வளம் கணக்கிட்டால் தப்புதான் வரும்.

சோளகம் பதில்:
கடல் அட்டையை விட்டுவிட்டீர்களே. 1982இல் 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த பதப்படுத்திய அட்டையை ஏற்றுமதி செய்யத் தடை. 2001இல் எல்லா அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போனது. அதோடு இறங்குதளக் கணக்கு நின்றது. அதன்பிறகு கிடைக்கிற எண்ணில் பெரும்பகுதி பறிமுதல் எண்தான். பறிமுதல் கூடினால் அட்டை கூடியதா, ரோந்து கூடியதா? தண்ணீருக்குள் இறங்கிக் கோடு போட்டு எண்ணாமல் சொல்ல முடியாது. மீனவரிடம் "அட்டை பார்த்தீர்களா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அந்த "இல்லை"யைச் சூழலியல் தரவாகப் பதிவு செய்துவிடாதீர்கள்.

வாடைக்காத்து:
அப்படியானால் மீனவர் சொல்வதே சரி, நிலையத்தின் கணக்கு சமூகக் கட்டமைப்பு என்று எழுதலாமா?

கச்சான் பதில்:
கூடாது. அறிவியலைச் சமூகவியல் கண்ணால் ஆராய்ந்த டேவிட் ப்ளோர் 1976இலேயே சொன்ன சமச்சீர் விதி இதற்குத்தான்: சரி என்று நாம் நம்புவதற்கும் தவறு என்று நம்புவதற்கும் ஒரே வகைக் காரணம் தேடு. மீனவர் பேச்சுக்கும் சமூகக் காரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். நிவாரணப் பேச்சு ஓடும்போது போய்க் கேட்டால் "மீனே இல்லை" என்ற பதில்தான் தூக்கலாக வரும். பொய் இல்லை அது, அந்த நேரத்துக் கேள்விக்கான பதில்.

கேள்வியை மாற்றுங்கள். "குறைந்ததா" வேண்டாம். போன தடவை போனபோது எத்தனை பாடு வலை இழுத்தது, எத்தனை கூடை காரல், சங்காயம் எவ்வளவு, டீசல் எத்தனை லிட்டர், சங்காயக் காசு யார் பங்கு? உரிமையாளரையும் ஆளையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூடையை ஒரு முறையாவது தராசில் வையுங்கள், கரைக்குக் கரை அளவு மாறும். தாளின் தலையில் கிழமை, பிறை, அன்றைய காற்று, பதில் சொன்னவர் படகில் யார் என்ற நான்கையும் குறியுங்கள். எண் எங்கே பிரிகிறது என்பது அந்த நான்கில் ஒன்றின்படி வரிசைப்படுத்தினாலே தெரிந்துவிடும். வழிகாட்டி கேட்ட இடமும் அதுதான்.