குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பைப் பிரிக்கலாமா, வேண்டாமா?

பி-204:
நம்ம வேளச்சேரி அபார்ட்மென்ட் குரூப்ல 140 பேர். காலை வணக்கம், லாரித் தண்ணி, பழைய பீரோ விற்பனை எல்லாம் ஒரே இடத்துல கொட்டுது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்னைக்கு "மீட்டர் பெட்டி வரைக்கும் தண்ணி ஏறிடுச்சு, மெயினை ஆஃப் பண்ணுங்க"ன்னு கீழ்வீட்டுலேர்ந்து ஒரு மெசேஜ். அடுத்தடுத்து புயல் வீடியோவா வந்து அதை மேல தள்ளிடுச்சு. நான் பார்க்கும்போது முக்கால் மணி நேரம் ஓடிப்போச்சு. வாட்ஸ்அப்லயே பல குரூப்பை ஒரே குடைக்குள்ள வைக்கிற கம்யூனிட்டி வசதி இருக்கு. அறிவிப்பு, பராமரிப்பு, விற்க-வாங்க, அரட்டைன்னு நாலா பிரிச்சுடலாம்.

ஏ-101:
தம்பி, அந்த மெசேஜ் போட்டதே நான்தான். நானே சொல்றேன், பிரிக்காதீங்க. கம்யூனிட்டியில எல்லாரும் தானா அறிவிப்பு குரூப்ல சேர்ந்துடுவாங்க. அதுல அட்மின் மட்டும்தான் எழுத முடியும். அன்னைக்கு அட்மின் ஊர்லயே இல்ல. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு நான் எங்க எழுதுறது? பராமரிப்புலயா? அதுல எத்தனை பேர் சேர்ந்திருப்பாங்க? இறங்கி வந்து மெயினை ஆஃப் பண்ணது மூணாவது மாடி மாமா. தினம் காலை வணக்கம் போடுறவர். அன்னைக்கும் அதைப் போடத்தான் குரூப்பைத் திறந்தாராம், என் மெசேஜ் கண்ணுல பட்டுது.

சி-302:
நான் பிரிக்கிற பக்கம். யூஸ்நெட்னு கம்ப்யூட்டர் வழியா பேசிக்கிட்ட பழைய விவாதக் குழுக்கள் இருந்துச்சு, அதை 1987-ல ஏழு கிளையா மாத்தி அடுக்கினாங்க. அப்பவும் சண்டைதான், அதுல அடங்காத பேச்சுக்கு அதே வருஷம் ஆல்ட்னு தனிக் கிளை முளைச்சுது. ஆனா அந்த அடுக்குக்குள்ளதான் பின்னால சாக்.கல்ச்சர்.தமிழ்னு நம்ம ஆளுங்களுக்கும் ஒரு இடம் அமைஞ்சுது. தமிழ் பேசணும்னா எங்க போகணும்னு தெரிஞ்சுது. பேர் இருந்தாத்தான் தேடி வருவாங்க மேடம்.

ஏ-101:
தேடி வர்றவங்களுக்குச் சரி சார். மாமா எதையும் தேடி வரல.

பி-204:
அக்கா, அட்மின் விஷயம் எனக்குத் தோணவே இல்ல. அப்போ 'அவசரம்'னு தனியா ஒண்ணு. 140 பேரும் இருக்கணும், யார் வேணா எழுதலாம், வாழ்த்து மட்டும் கூடாது.

ஏ-101:
வருஷத்துக்கு ரெண்டு நாள் சத்தம் வர்ற குரூப் போன்ல அடியில போய்க் கிடக்கும். பாதிப் பேர் மியூட்ல போட்டிருப்பாங்க. பீரோ, சோபா விற்பனையை வெளிய எடுங்க, அதுக்கு நான் முதல் ஆளா கை தூக்குறேன். காலை வணக்கம் இருக்கட்டும்.

பி-204:
விற்க-வாங்க குரூப்பை இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன். 'அவசரம்' யோசனையை நான் விடல அக்கா. ஞாயித்துக்கிழமை மொட்டைமாடியில மாமாவையும் உட்கார வச்சுப் பேசுவோம்.