பழைய பெக்கோவுக்கு (மண் தோண்டுற மெசின்) டைனமோவக் கழட்டிட்டு ஓல்டனேட்டர் போடலாமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க

கிண்ணியா மெசின்:
வாப்பா காலத்து மாசி பெர்குசன் பெக்கோ ஒண்டு ஓடுறம், பெர்கின்ஸ் 3 சிலிண்டர், 12 வோல்ட். எஞ்சின் இன்னும் தங்கம். சார்ஜ்தான் காணாது. பற்றரிக்கு சார்ஜ் குடுக்கிறது பழைய லூக்காஸ் டைனமோதான், வாய்க்கால் துப்பரவு வேல ராவிலயும் வாறதால 55 வாட் லைட் நாலு பூட்டியிருக்கன், லைட்டப் போட்டு ஸ்லோவில விட்டா அம்பியர் மீட்டர் முள்ளு மைனஸ் பக்கமே சாஞ்சு கிடக்கும், விடிய ஸ்டார்ட் பண்ணப் போனா டக் எண்டுற சத்தம் மட்டுந்தான். பற்றரி புதுசு, பெல்ட்டும் இறுக்கம். டவுன்ல ஒருத்தர் டைனமோக்குப் பதிலா ஓல்டனேட்டர் (ஆல்டர்னேட்டர்) போடு, ரெண்டு வயர்தான் மாத்தணும் எண்டுறார். அவ்வளவுதானா?

சீனக்குடா வயரிங்:
தம்பி, 55 வாட் நாலு எண்டா 220 வாட், அதுக்கே 18 அம்பியர் வேணும். உங்கட டைனமோ லூக்காஸ் சி40 மொடலா இருந்தா நல்லா ரேஸ் பண்ணினாலும் 22 அம்பியர் கிட்டத்தான் தரும், ஸ்லோவில ஒண்டுமே வராது. அதால ஓல்டனேட்டர் போடுறது சரியான முடிவுதான், லூக்காஸ் 17ஏசிஆர் மொடல் மாதிரி ஒண்டே 36 அம்பியர் தரும், ஸ்லோவிலயும் சார்ஜ் ஏறும்.

ஆனா வாங்க முந்தி பற்றரிட எந்தப் பக்கம் சேசில பூட்டியிருக்கு எண்டு பாருங்க. அந்தக் காலத்து இங்கிலாந்து மெசின் கனக்க பிளஸ் ஏர்த், அதாவது பற்றரிட பிளஸ் சேசில பூட்டினது. அதில சாதாரண ஓல்டனேட்டரப் பூட்டினா அதுக்குள்ள இருக்கிற டயோட் (கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடுற சாமான்) அந்த நிமிசமே போயிடும்.

மூதூர் டோசர்:
நானா, காச செலவழிக்க முந்தி லைட்ட மாத்திப் பாருங்களன். 20 வாட் எல்ஈடி நாலு எண்டா 7 அம்பியர்தான், டைனமோட பிரஷ்ஷயும் மாத்தினா சில நேரம் அதுவே காணும். எல்ஈடிக்கும் பிளஸ் மைனஸ் பார்த்துத்தான் குடுக்கணும்.

கிண்ணியா மெசின்:
டோர்ச் அடிச்சுப் பார்த்தன் அண்ணன், பற்றரிட தடிச்ச போஸ்ட்தான் சேசிக்குப் போகுது. ஸ்லோவில டைனமோ ஒண்டும் தராது எண்டா எல்ஈடி போட்டாலும் ஸ்லோவில பற்றரிதானே இறங்கும், அதனால ஓல்டனேட்டரே போடுறன். பிளஸ் ஏர்த்த எப்பிடி மாத்துற?

சீனக்குடா வயரிங்:
தடிச்சது பிளஸ், அப்ப பிளஸ் ஏர்த்தேதான். பற்றரியத் திருப்பி மைனஸ சேசிக்குக் குடுங்க, ரெண்டு போஸ்ட்டும் ஒரே தடிப்பில்ல, அதனால கிளாம்ப் ரெண்டயும் புதுசா வாங்குங்க. ஸ்டார்ட்டர் அதே பக்கந்தான் சுத்தும், பயப்பிடாதீங்க. மீட்டர்ட வயர் ரெண்டயும் மாத்திப் பூட்டணும், இல்லாட்டி முள்ளு தலைகீழாக் காட்டும்.

பழைய ரெகுலேட்டர் பெட்டிய லைனில இருந்து எடுத்திடுங்க. அதில கட் அவுட் (பற்றரிக் கரண்ட் டைனமோக்குத் திரும்பிப் போகாம வெட்டுறது) செஞ்ச வேலய டயோட் செய்யும், ரெகுலேட்டர் ஓல்டனேட்டருக்குள்ளேயே இருக்கு. முக்கியமான வேல வயர்தான். பழைய டைனமோ வயரிலயே 36 அம்பியரயும் விடாதீங்க, வயர்ட மேல் உறையத் தொட்டுப் பார்த்தா கொதிக்கும், பிறகு உருகும். ஓல்டனேட்டர்ல இருந்து ஸ்டார்ட்டர்ட பற்றரி போஸ்ட்டுக்கு 6 எம்எம் வயர் ஒண்டு நேர இழுங்க, லைட்டுக்கும் அதில இருந்து ரிலேயும் ஃபியூஸும் போட்டு எடுங்க. மீட்டர் அப்ப சார்ஜக் காட்டாது, வோல்ட் மீட்டர் ஒண்டு போடுங்க.

சார்ஜ் லைட்டுக்கு 2.2 வாட் குண்டு பல்ப்தான். அதால போற கரண்ட்தான் ஓல்டனேட்டர எழுப்புது, எல்ஈடி போட்டா பத்தாது.

மூதூர் டோசர்:
புல்லிய நேராப் பிடிக்க பிராக்கெட்டுக்கு வொஷர் குடுக்க வேண்டி வரும், ஒரு ஓரமா இழுத்தா பெல்ட் கெதியாத் தேயும். இன்னொண்டு, எஞ்சின் ஓடேக்க பற்றரி கிளாம்பக் கழட்டாதீங்க. பக்கெட் பல்லு வெல்டிங் அடிக்கிறதெண்டா முதல் ஓல்டனேட்டர் வயரக் கழட்டிட்டு அடியுங்க, எங்கட பக்கம் அதில போனதுதான் கனக்க.

கிண்ணியா மெசின்:
நல்லம் ரெண்டு பேருக்கும். கரையில மணல் வேலயும் ஓடுறதால உப்புக் காத்துக்கு ஏர்த் வயரும் பச்சை பிடிச்சுத்தான் கிடக்கு, அதயும் சேர்த்தே மாத்துறன்.

சீனக்குடா வயரிங்:
மாத்துங்க, பூட்டுற இடத்தில பெயின்ட்டச் சுரண்டி இரும்பு தெரியப் பூட்டி மேல கிரீஸ் தடவுங்க. ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில பற்றரில 13.8க்கும் 14.4க்கும் இடையில வோல்ட் நிக்கணும், நாலு லைட்டும் போட்டும் பாருங்க. நிக்கேல்ல எண்டா அளவ இஞ்ச போடுங்க.