ஈரலுக்கு உப்பு: யூதர் சமையலில் உண்டா, இல்லையா?

ஈயச்சொம்பு: பக்கத்துத் திரியில் எல்லாம் தெரிந்த ஒருவர் எழுதியிருக்கிறார்: யூதர்கள் ஈரலை ஒரு மணி நேரம் உப்பில் வைத்துக் கழுவினால் போதும், கோஷர் (யூத உணவு விதிப்படி சாப்பிடத் தக்கது) ஆகிவிடுமாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அது மற்ற இறைச்சிக்கான முறை ஐயா! அரை மணி நேரம் தண்ணீரில் ஊறல், ஒரு மணி நேரம் உப்பு, மூன்று முறை அலசல். ஈரலில் இருக்கிற ரத்தத்துக்கு உப்பெல்லாம் பத்தாது. நெருப்பில் வாட்டித்தான் ஆக வேண்டும்.

நாட்டுக்கோழி65: அந்த எல்லாம் தெரிந்தவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். பைபிளின் லேவியராகமம் 17 ரத்தம் சாப்பிடாதே என்கிறது, சரி. வாட்டு என்று எங்கே சொல்கிறது? வாட்டும் முன் ஈரல்மேல் உப்புத் தூவுகிறார்களே, அது என்ன? உப்பு உண்டா, இல்லையா?

ஈயச்சொம்பு: ஒரு மணி நேரம் உப்பு என்றும்தான் லேவியராகமத்தில் இல்லை. முறையெல்லாம் தல்மூது என்ற பழைய யூத விளக்க நூலிலும் பிறகு வந்த சட்ட நூல்களிலும் இருப்பது. 1565ல் வெனிஸில் அச்சான யோசேப் காரோ என்ற யூத அறிஞரின் ஷுல்ஹான் அரூக் என்ற சட்ட நூலில் ஈரலுக்கென்றே தனிப் பகுதி உண்டு. முழு மாட்டீரல் என்றால் குறுக்கும் நெடுக்குமாக ஆழமாகக் கீறி, கீறிய பக்கம் கீழே பார்க்கிற மாதிரி கம்பி வலைமேல் வைக்க வேண்டும். அடியில் தணல். ரத்தம் சொட்டி ஓட வழி இருக்க வேண்டும். தோசைக்கல்லில் போட்டால் வடிந்த ரத்தத்திலேயே வெந்துவிடும், அலுமினியத் தாளில் சுற்றினாலும் அதே கதிதான். குறைந்தது பாதி வெந்து மேற்புறம் உலர்ந்ததும் எடுத்து மூன்று முறை அலசுவார்கள்.

நாட்டுக்கோழி65: கட்டுரை அருமை. கேட்டதற்குப் பதில் எங்கே? உப்பு உண்டா, இல்லையா?

ஈயச்சொம்பு: லேசாகத் தூவுவது வழக்கம். தூவ மறந்து வாட்டிவிட்டாலும் செல்லும். வாட்டாமல் உப்பை மட்டும் அள்ளிக் கொட்டினால் செல்லாது. புரிகிறதா?

நாட்டுக்கோழி65: ஆக, உப்பு உண்டு. நன்றி.

பாட்டிகைமணம்: எதற்கு இத்தனை பாடு? கொஞ்ச நேரம் பாலில் ஊறவைத்தால் கவிச்சி போய்விடும்.

ஈயச்சொம்பு: பாலா! அங்கே இறைச்சியும் பாலும் சேரவே கூடாது. பாத்திரம்கூடத் தனித்தனி. அக்கா, திரியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

பாட்டிகைமணம்: நான் என் வீட்டு ஈரலைச் சொன்னேன். சுவரொட்டி (மண்ணீரல்) திரியிலும் இப்படித்தான் என்மேல் பாய்ந்தீர்கள். மறக்கவில்லை.

மிளகுரசம்: ரத்தப் பொரியலுக்குக் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்குகிற நாம் இதற்கு அடித்துக்கொள்கிறோம்! அது இருக்கட்டும், இறைச்சியில் வடிகிற சிவப்புத் தண்ணீர் பெரும்பாலும் மயோகுளோபின் என்ற தசைப்புரதம் கலந்த நீர்தானே? ரத்தமே இல்லையே.

ஈயச்சொம்பு: அது தசைக்கறியில். ஈரல் உடம்பின் ரத்தம் வந்து தேங்குகிற இடம், அறுத்த பிறகும் உள்ளே நிற்கும். தனிச் சட்டம் அதனால்தான்.

மிளகுரசம்: அப்படி வாட்டினால் செருப்புத்தோலாகிவிடாதா?

ஈயச்சொம்பு: ஆகும். அதனால்தான் அஷ்கனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வீடுகளில் அதைப் பொடியாகக் கொத்தி, கோழிக்கொழுப்பில் சிவக்க வதக்கிய வெங்காயமும் அவித்த முட்டையும் சேர்த்துப் பிசைகிறார்கள். வெண்ணெய் இருக்க, கோழிக்கொழுப்பு எதற்கு என்று பால் கட்சிக்காரர்கள் யோசிக்கலாம்.

பாட்டிகைமணம்: இது யாருக்கு என்று தெரிகிறது. நிர்வாகி கவனிக்கவும்.

நாட்டுக்கோழி65: அந்தப் பிசைந்ததில் உப்புப் போடுவார்களா, மாட்டார்களா?

ஈயச்சொம்பு: உங்களுக்கு நக்கல்! அறுத்து 72 மணி நேரம் தாண்டிய ஈரலை என்ன செய்வார்கள் என்றாவது தெரியுமா? வாட்டிச் சாப்பிடலாம். அதன்பிறகு குழம்பில் போட்டு வேகவைக்கக் கூடாது. இதையும் உப்பு பார்த்துக்கொள்ளும் என்பீர்கள்.

நாட்டுக்கோழி65: உப்பு உண்டு என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். படம் பிடித்து வைத்திருக்கிறேன். அடுத்த திரியில் போடுகிறேன்.

ஈயச்சொம்பு: போடுங்கள். "வாட்டாமல் செல்லாது" என்ற வரியை வெட்டாமல் போடுங்கள். மின்அடுப்பில் வாட்டலாமா என்பது இன்னொரு பெரிய கதை, இரவு எழுதுகிறேன்.

பாட்டிகைமணம்: யார் கேட்டது?