அப்டேட்: தம்பியோட மெத் (மெத்தாம்பெட்டமைன்ங்கிற போதைப்பொருள்) பழக்கம், ஓபி-லயே ட்ரீட்மென்ட் போகுது

மெத் எடுக்கிற தம்பிய அட்மிட் பண்ணியே ஆகணுமா, ஓபி போதாதான்னு கேட்டிருந்தேன்ல, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகச் சொன்னவங்களுக்கு தேங்க்ஸ், ஓபி-லயே பாக்குறாங்க. நிறுத்தினதும் எந்நேரமும் தூக்கம், எழுந்தா சோறு, திரும்ப படுக்கை, அம்மா பயந்தே போயிட்டாங்க, ஆனா இந்த பொருள விட்டா ஆரம்பத்துல அப்படித்தான் இருக்குமாம். குடிக்கு இருக்கிற மாதிரி இதுக்குன்னு தனி மாத்திரை கிடையாது, கவுன்சிலிங்தான் மெயின், அப்பப்போ யூரின் டெஸ்ட். தூக்கம் சரியானப்புறம்தான் உண்மையான தலைவலி, எதுலயும் சந்தோஷம் வரல, சம்பளம் வந்தா கை பரபரக்குது, அதனால சிம் மாத்தியாச்சு, ஏடிஎம் கார்டு அம்மாகிட்ட. நடுவுல ஒரு தடவ சறுக்கிட்டான், டாக்டர் திட்டல, அடுத்த விசிட்டுக்கு சீக்கிரமே வரச் சொல்லிட்டாரு (எனக்கு அது பிடிச்சிருந்துச்சு). யாருக்காவது தேவைன்னா 14446, போதைப் பழக்கத்துல இருந்து மீள உதவுற இலவச ஹெல்ப்லைன். அப்பா மட்டும் இன்னும் அவன்கிட்ட பேசல, அது தனிக் கதை.