பட்டமளிப்பு விழாவுக்கு ஆசிரியர்கள் வருவதில்லை: கட்டாயமாக்கலாமா, வேறு வழி உண்டா?

விழாக்குழு_புதியவர்
வணக்கம். இந்த ஆண்டு பட்டமளிப்பு விழாவில் ஆசிரியர் பங்கேற்பு என் பொறுப்பில் வந்திருக்கிறது. மொத்தம் 240 ஆசிரியர்கள். எல்லோருக்கும் அழைப்பு போகிறது. வருகிறவர்கள் முப்பது, நாற்பது பேர்தான். 120 நாற்காலி போட்டு முக்கால்வாசி காலியாகக் கிடக்கிறது. நேரில் பட்டம் வாங்குவோர் சுமார் 600, அதுபோக முனைவர் பட்டம் 40.

வருகையைக் கட்டாயமாக்கலாமா? ஊர்வல வரிசையை எப்படி அமைப்பது? கவுன் யார் பொறுப்பு? முனைவர் பட்ட மாணவருக்கு அவருடைய ஆய்வு நெறியாளரே ஹூட் (கவுனுக்கு மேல் கழுத்தில் மாட்டி முதுகில் தொங்கவிடும், பட்டத்தைக் காட்டும் துணி) அணிவிக்கும் முறையைக் கொண்டுவந்தால் நேரம் தாங்குமா?

கல்விப்பிரிவு_மேசை
கட்டாயம் வேண்டாம். சுற்றறிக்கை போட்டால் கையெழுத்து வரும், ஆள் வராது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர்வலம் முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். பாதியில் காலியாகும் வரிசை, முதலிலேயே காலியாக இருப்பதைவிட அசிங்கம்.

வராததற்குப் பெரிய காரணம் தேதி. சிறப்பு விருந்தினர் ஒப்புக்கொண்ட பிறகு மூன்று வாரம் முன்னால் அறிவித்தால், அதற்குள் விடுப்பு, கருத்தரங்கு, விடைத்தாள் திருத்தல் எல்லாம் முடிவாகியிருக்கும். கல்வியாண்டு நாட்காட்டியிலேயே தேதியை அச்சிட்டுவிட்டு, அதற்கேற்ற விருந்தினரைத் தேடுங்கள்.

அடுத்தது சுழற்சி. 240 பேரை மூன்றாகப் பிரித்தால் ஆண்டுக்கு 80. யார் வருவது என்பதைத் துறையே முடிவு செய்யட்டும். ஒருவர் வர முடியாவிட்டால் மாற்று ஆள் தருவதும் துறையின் வேலை. அன்று பட்டம் வாங்கும் முனைவர்களின் நெறியாளர்களையும் இறுதியாண்டு வகுப்புப் பொறுப்பாளர்களையும் சுழற்சியில் சேர்க்காதீர்கள், அவர்களுக்குத் தனி அழைப்பு. விழா விடுமுறை நாளில் வந்தால் ஈடுவிடுப்பு உண்டு என்று அழைப்பிலேயே எழுதுங்கள். நாற்காலியை ஒப்புதல் எண்ணிக்கையைப் பார்த்துப் போடுங்கள். 80 பேர் ஒப்புக்கொண்டால் 80 போதும், நான்கைந்தை ஓரத்தில் மடக்கி வைக்கலாம்.

ஒத்திகை_மணி
80 பேர் என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். இருவர் இருவராக 40 இணை. இணைக்கு இணை ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டால் வரிசையின் நீளம் 60 மீட்டர். கவுன் போட்டு நிதானமாக நடந்தால் விநாடிக்கு முக்கால் மீட்டர். நடைபாதை 45 மீட்டர் என்றால் முதல் இணை முன்வரிசையை அடைய 1 நிமிடம், கடைசி இணை வந்து சேர இன்னும் 80 விநாடி. வரிசைக்குள் நுழைவதையும் சேர்த்து 4 நிமிடம். இசை 5 நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பாதியில் இசை நின்றால் எல்லோரும் ஓட்டமாக நடக்கத் தொடங்குவார்கள்.

வரிசை முறை இடத்துக்கு இடம் மாறும், உங்கள் விதிநூலைப் பாருங்கள். பல இடங்களில் உள்ளே வரும்போது இளையவர் முதலில், மூத்தவர் பின்னால், அதன்பின் செங்கோல் ஏந்துபவர், மேடையில் அமர்பவர்கள். வெளியேறும்போது மேடை முதலில் காலியாகும்.

குழப்பம் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, அரங்க வாசல். இரட்டைக் கதவில் ஒன்று பூட்டியிருந்தால் இணைகள் ஒற்றையாகி இடைவெளி கெடும். கதவைத் தாண்டிய பிறகே இணை சேருமாறு ஓர் ஆளை உள்ளே நிறுத்துங்கள். இன்னொன்று, நாற்காலியில் பெயர் ஒட்டுவது. ஒருவர் வராவிட்டால் பின்னால் வருபவர்கள் எல்லாம் தம் பெயரைத் தேடிக் குனிவார்கள். பெயர் வேண்டாம். இடப்பக்கம் பத்துப் பத்தாக நான்கு வரிசை, வலப்பக்கமும் அப்படியே. முன்னால் வந்ததும் இணை பிரிய வேண்டும். முதலில் வருபவர் வரிசையின் மறுமுனை வரை போக வேண்டும். வரிசைக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் பத்து எண்ணிக் கையை நீட்டித் தடுத்தால் போதும். மேடையில் உள்ளவர்கள் அமரும்வரை யாரும் உட்காரக் கூடாது என்பதையும் ஒத்திகையில் சொல்லிவிடுங்கள், முதல் வரிசை உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

பூட்டு உள்ள ஓர் அறையும் தேவை. கவுன்கள் பலவற்றில் பை இருக்காது. இடமில்லாவிட்டால் கைப்பையும் கைப்பேசியும் ஊர்வலத்தில் வரும்.

நூலும்_வெல்வெட்டும்
கவுன் பற்றி. ஆசிரியரையே வாங்கச் சொல்லாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் போடுவதற்குக் கைக்காசு செலவழிக்க யாருக்கும் மனம் வராது. பல்கலைக்கழகமே ஒரு தொகுதி வைத்துக்கொள்ளட்டும். சுழற்சியில் 80 பேர் என்றால் 90 கவுன்.

அளவுக்கு உயரம் போதும், ஆனால் அன்று போடும் செருப்போடு அளக்க வேண்டும். விளிம்பு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் மேடைப் படியில் தடுக்கும். சுருக்கம் எடுக்க நீராவிதான். பாலியெஸ்டரில் சூடான இஸ்திரிப்பெட்டி வைத்தால் பளபளப்புத் தடம் விழும், போகாது.

கவுனைப் பொதுவில் வைக்கலாம், ஹூடை வைக்க முடியாது. பரவலான மரபுப்படி, தனக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் ஹூடையே ஆசிரியர் அணிவார், வேலை பார்க்கும் இடத்தினுடையதை அல்ல. பல பட்டங்கள் இருந்தாலும் ஒரே ஹூட், பெரும்பாலும் உயர்ந்த பட்டத்துக்கு உரியது. அமெரிக்காவில் 1895-ல் வகுத்த விதிப்படி உள்துணியின் நிறம் பல்கலைக்கழகத்தையும், ஓர வெல்வெட்டின் நிறம் பாடத்தையும் காட்டும். அங்கே முதுகலை ஹூட் மூன்றரை அடி, முனைவர் ஹூட் நான்கு அடி. பிரிட்டனில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி விதி. எனவே இரவல் எடுப்பதானால் பட்டம், வழங்கிய பல்கலைக்கழகம், ஆண்டு மூன்றையும் படிவத்தில் கேளுங்கள். பல்கலைக்கழகங்கள் பெயரும் நிறமும் மாற்றுவதுண்டு, அதனால்தான் ஆண்டு. இரவல் தருபவர்களுக்கு ஆறு வாரம் முன்னால் பட்டியல் போகாவிட்டால் கையிருப்பில் இருப்பதைத் தள்ளிவிடுவார்கள்.

மைக்_முன்னால்
600 பெயர், ஆளுக்கு 8 விநாடி என்றால் 80 நிமிடம். இதுதான் ஆசிரியர்களைத் துரத்தும் 80 நிமிடம். அதைக் குறைக்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்பது என் கருத்து. இரு பக்கமும் படி, இரு வரிசை, இரு வாசிப்பாளர் மாறி மாறி வாசித்தால் ஆளுக்கு 5 விநாடி ஆகும்; 50 நிமிடத்தில் முடியும். அந்தந்தத் துறை ஆசிரியரே வாசிக்கட்டும். பெயரும் சரியாக வரும், வந்தவருக்கு ஒரு வேலையும் கிடைக்கும்.

பட்டியலைப் பார்த்து வாசிக்கவே கூடாது. இடையில் ஒருவர் வராவிட்டால் அதன்பின் எல்லாப் பெயரும் ஒன்று தள்ளிப் போகும். மாணவர் கையில் அட்டை கொடுங்கள். உச்சரிப்பை அவரே எழுதி, வாசிப்பாளரிடம் நீட்டட்டும்.

விழாக்குழு_புதியவர்
நன்றி, நாற்காலியில் பெயர் ஒட்டும் யோசனையை இப்போதே விட்டுவிட்டேன். ஹூட் அணிவிப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். நெறியாளர் வராவிட்டால்? இரண்டு நெறியாளர்கள் இருந்தால்?

அரங்க_அளவை
சுழற்சி முறையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ‘இந்த முறை என் பெயர் இல்லை’ என்று, வர நினைத்தவரும் நின்றுவிடுவார். 80 என்பது குறைந்தபட்சம், விரும்பி வருபவருக்கும் இடம் உண்டு என்று தெளிவாக எழுதுங்கள்.

ஹூடுக்கு ஆளுக்கு 30 விநாடி. 40 பேருக்கு 20 நிமிடம். மேடையில் இரண்டு இடத்தில் செய்து, ஒருவருக்கு அணிவிக்கும்போதே அடுத்தவரை நிறுத்தினால் 10 நிமிடம்.

மாணவர் ஹூடை இடது முன்கையில் மடித்துக்கொண்டு வருவார். தொப்பி கையில், தலையில் அல்ல. ஹூடை நெறியாளரிடம் கொடுத்துவிட்டு அவையைப் பார்த்துத் திரும்பி நிற்பார். நெறியாளர் கழுத்துப்பட்டையை இரு கையாலும் விரித்து, குறுகிய முனை முன்னால் வரும்படி தலைவழியாக இறக்குவார். பின்னால் நிற்கும் உதவியாளர் உள்துணி வெளியே தெரியும்படி திருப்பிவிட வேண்டும். நெறியாளருக்கு அது தெரியாது, கண்ணுக்கும் படாது. மாணவர் உயரமாக இருந்தால் நெறியாளர் நிற்க 15 சென்டிமீட்டர் மரப்படி ஒன்று போடுங்கள். மாணவரைக் குனியச் சொன்னால் படத்தில் முகமே இருக்காது.

ஹூடின் எடை முழுவதும் முதுகுப்பக்கம் என்பதால் பட்டை பின்னால் இழுத்துத் தொண்டையை அழுத்தும். முன்முனையில் ஒரு சிறு வளையம் இருக்கும். அதைச் சட்டைப் பொத்தானில் மாட்ட வேண்டும். பொத்தான் இல்லாத உடை என்றால் இரு தோளிலும் உள்பக்கமாக ஊக்கு. மேடையின் இரு ஓரத்திலும் ஒரு டப்பா ஊக்கு வைத்திருங்கள்.

இரண்டு நெறியாளர் என்றால் ஒருவர் அணிவிக்கட்டும், மற்றவர் அந்த உதவியாளர் இடத்தில் நிற்கட்டும். நெறியாளர் வராவிட்டால் துறைத் தலைவர். ஆனால் அதை அங்கே வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்னால் மாணவரிடம் கேட்டு, யார் அணிவிப்பது என்பதை அவருடைய அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள்.