பேருந்தும் மெட்ரோவும் மாநகராட்சியின் கையில் இல்லாதபோது அதனிடம் எதைக் கேட்பது?

வேளச்சேரிவாசி:

எங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் போக்குவரத்து குறித்து ஒரு மனு கொடுக்க எண்ணியுள்ளோம். சென்னையில் பேருந்துகளை மாநகரப் போக்குவரத்துக் கழகம் இயக்குகிறது. மெட்ரோவுக்குத் தனி நிறுவனம் உண்டு. புறநகர் ரயில் ரயில்வேயைச் சேர்ந்தது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது காவல்துறை. அப்படியிருக்க, நெரிசலும் புகையும் குறைவதற்கு மாநகராட்சியிடம் எதைக் கேட்டால் பொருத்தமாக இருக்கும்? ‘கூடுதல் பேருந்து வேண்டும்’ என்று எழுதினால், உரிய துறைக்கு அனுப்பிவிட்டோம் என்ற பதிலோடு மனு முடிந்துவிடும் என அஞ்சுகிறேன்.

நடைபயணி:

நடைபாதையைக் கேளுங்கள். பேருந்தில் போகிறவர் நிறுத்தம் வரை நடந்துதான் வர வேண்டும். அந்த நடை அச்சமூட்டுவதாக இருந்தால், கையில் பணம் சேர்ந்ததும் இருசக்கர வாகனம் வாங்கிவிடுவார். உள்தெருக்களும் பெரும்பாலான பேருந்துச் சாலைகளும் மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பதால், இதை வேறு துறைக்குத் தள்ளிவிட முடியாது. நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் கடைத்தெருவுக்குக் கிடைத்த அகலம் பள்ளிக்கூடத் தெருவுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

‘நல்ல நடைபாதை’ என்று பொதுவாக எழுதாமல் அளவுகளோடு எழுதுங்கள். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் பேராயத்தின் வழிகாட்டுதல்படி, தடையின்றி நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். நடைபாதையின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மின்பெட்டியும் மரமும் அந்த 1.8 மீட்டருக்கு வெளியே, நடக்கும் இடத்துக்கும் வாகனம் ஓடும் சாலைக்கும் இடையிலுள்ள சாலையோரப் பட்டையில் அமைய வேண்டும். வீட்டு வாசல்களில் நடைபாதையை வெட்டி இறக்காமல், கார் ஏறிச் செல்லும்படி சரிவு அமைத்தால், முழங்கால் வலியுள்ள முதியவர் பத்தடிக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டியிருக்காது. வார்டு முழுவதற்கும் கேட்பதைவிட, ரயில் நிலையத்துக்கும் பள்ளிக்கும் போகும் இரண்டு தெருக்களை முதலில் கேளுங்கள்.

தி.நகர் வணிகர்:

மேலே சொன்னதோடு வாகன நிறுத்தத்தையும் சேர்க்க வேண்டும். சாலையோரத்தில் நாள் முழுவதும் இலவசமாக நிற்கும் ஒரு கார் பத்து சதுர மீட்டருக்கும் மேல் பொது இடத்தை எடுத்துக்கொள்கிறது. நேரத்துக்கு ஏற்ப உயரும் கட்டணத்தை வசூலித்து, அந்தத் தொகையை அதே பகுதியின் நடைபாதைக்குச் செலவிட்டால் வணிகர்களின் எதிர்ப்பும் தணியும். காலையில் நிறுத்திய வண்டி மாலை வரை நகராமல் நிற்பதால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கும் இடம் கிடைப்பதில்லை. சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போய், 1975-லேயே மையப் பகுதிக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது.

தாம்பரம் பயணி:

கட்டணத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வரிசை முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 2006 ஜனவரியில் நெரிசல் கட்டணம் சோதனையாகத் தொடங்கும் முன்பே, 2005 ஆகஸ்டில் கூடுதல் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அதன்பின் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரவளிக்க, 2007-இல் அது நிரந்தரமானது. இங்கே 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அவர்கள் காத்திருக்கும் நிறுத்தத்தில் நிழலும் விளக்கும் அமைப்பதும், நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு வாகனங்கள் நிற்காதபடி செய்வதும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

வேளச்சேரிவாசி:

மிக்க நன்றி. ஞாயிறு காலை டேப்போடு சென்று, ரயில் நிலையத் தெருவை அளக்கப் போகிறோம். ஒரே ஒரு தயக்கம்: அங்கே காய்கறி விற்கும் அம்மாக்களை எங்கள் மனு அப்புறப்படுத்திவிடுமோ?

நடைபயணி:

அதை மனுவிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவின் வழியாக அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். நடக்கும் 1.8 மீட்டரை ஒதுக்கிவிட்டு, சாலையோரப் பட்டையில் அவர்களுக்கும் இடம் குறித்த வரைபடம் ஒன்றை இணையுங்கள். அளக்கப் போகும்போது அவர்களையும் கேட்டுக்கொண்டு வரையுங்கள்.